பத்தாம் லெவலில் தொங்கிய பெயர்

1964ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலையிலிருந்து, இயக்குநர் தாண்டவனைத் தலைசிறந்தவராகக் கருதியவர்களின் பேச்சு, இயக்குநர் மதுராந்தக ராவைத் தலைசிறந்தவராகக் கருதியவர்களின் காதில் விழவில்லை. இவர்களுடைய பேச்சும் அவர்களுடைய காதில் விழவில்லை. கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் குடியிருப்பில் இது நிகழ்ந்தது. இருமல் கேட்டது, செருப்புச் சத்தம் கேட்டது, பாத்திரம் விழுந்தால் கேட்டது. பேச்சு மட்டும் கேட்கவில்லை. மருத்துவர் இரு கட்சியாரின் காதுகளிலும் விளக்கடித்துப் பார்த்து, பாறைத் தூசியைத் தவிர வேறு குறையில்லை என்றார். அவர் திரைப்படமே பார்க்காதவர். ஆகையால் எல்லாருடைய பேச்சும் அவருக்குக் கேட்டது. தம்மிடம் வந்தவர்கள் விளையாடுகிறார்கள் என்றே அவர் எண்ணினார்.

இதற்குக் காரணமான பலகை துளசிராமனின் தேநீர்க் கடையில் மாட்டப்பட்டிருந்தது. சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் தம் எண் பொறித்த பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவர். ஏறியதும் அதைப் பலகையின் கொக்கியில் திரும்ப மாட்டுவர். பழுதாகிக் கழித்துவிடப்பட்ட அத்தகைய பலகை ஒன்றை ரசிகர் சபையார் கேட்டு வாங்கி, அதன் பத்துக் கொக்கிகளில் ஒன்பதில், டோக்கனுக்கு ஒன்றாக ஒன்பது திரைப்பட இயக்குநர்களின் பெயர்களைப் பொறித்து மாட்டியிருந்தனர். பிற ஊரார் சிறந்தவரை மேலே வைப்பர். இவர்கள் கீழே வைத்தனர். ஆழத்தில் இறங்கினால்தான் நல்ல தாது கிடைக்கும் என்பதைப் பரம்பரையாக அறிந்தவர்கள் வேறு எவ்வாறு வைப்பர்? கொக்கிகளை லெவல் என்றே அழைத்தனர். முதல் லெவலில், அதாவது பலகையின் உச்சியில், சுரங்கக் கணக்கில் தரையை ஒட்டி, ஜம்புநாதன் என்ற இயக்குநர் தொங்கினார். அவருடைய படமொன்றில் அரசனின் கிரீடத்தின்மீது ஒலிவாங்கியின் நிழல் விழுந்திருந்தது. கதாநாயகி வீட்டுத் தோட்டமே இமயமலையாகவும் வந்தது. பத்தாம் லெவலின் கொக்கி மட்டும் ஆறாண்டுகளாகக் காலியாக இருந்தது. அதில் ஒரு பெயரை மாட்ட வேண்டுமானால் சபையில் ஒருவரும் மறுக்கக் கூடாது என்பது விதி.

தாண்டவன் கட்சிக்குச் சின்னப்பா தலைவர். ராவ் கட்சிக்குச் சாம்ராஜ் தலைவர். சாம்ராஜின் அக்காள் ரத்தினம்மா சின்னப்பாவின் மனைவி. மூவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். மாமனும் மச்சானும் சுரங்கத்தில் ஒரே துளையிடும் இயந்திரத்தில் இணையாக வேலை செய்தனர். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்குப் போகும் முன் கடையில் பேச்சு முற்றியது. தாண்டவன் இருட்டில் ஒரு முகத்தை மட்டும் காட்டுவார். அரங்கில் இருமல் எழும்வரை அதைவிட்டு நகர மாட்டார். ராவின் படங்களில் திரையின் முக்கால் பகுதி வானமாக இருக்கும்.

“வானத்த காட்ட ஒரு டைரக்டரு எதுக்கு? அண்ணாந்து பாத்தா போதாதா?” என்றார் சின்னப்பா.

“அண்ணாந்து பாக்க நமக்கு எங்க மாமா நேரம்? இருட்டுல எறங்கி இருட்டுல ஏறுறோம். உன் தாண்டவன் காட்டுற மூஞ்சியத்தான் ஷிப்ட் முழுக்க கீழ பாத்துக்கினு கீறேனே, உன் மூஞ்சிய” என்றார் சாம்ராஜ்.

கடை முழுவதும் சிரித்தது. சின்னப்பா சிரிக்கவில்லை. கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டு, “அந்த மூஞ்சிதான்டா உன்ன பத்திரமா மேல கூட்டிக்கினு வருது” என்றார். எந்தக் கட்சியிலும் சேராத துளசிராமனுக்கு இது தெளிவாகக் கேட்டது. சாம்ராஜ் தம் மாமனின் உதடுகள் அசைவதை மட்டுமே கண்டார்.

வீட்டில் ரத்தினம்மாவுக்கு இருவர் பேச்சும் கேட்டது. அவர் விரும்பியவர் ஜம்புநாதன். சபையில் பெண்களுக்கு இடமில்லை. ஆகையால் இதை எவரும் கேட்டறியவில்லை. அவர் இருவருக்கும் நடுவே அமர்ந்து ஒருவர் பேச்சை மற்றவருக்கு எடுத்துச் சொன்னார், சொல்லும்போது திருத்தினார். “ராவு கட்சிக்காரனுக்கு என் வூட்ல சோறு எதுக்கு?” என்று கணவர் கேட்டால், “தம்பி, கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்திக்கணுமாம்” என்று தம்பியிடம் சொன்னார். சாம்ராஜ் மாமனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னது வேறு என்பதை அறிந்தே குழம்பை ஊற்றிக்கொண்டார். இவ்வாறு அந்த வீட்டில் அமைதி நிலவியது.

சுரங்கத்தின் ஆழத்தில் ரத்தினம்மா இல்லை. வேறு இணை தருவதாக மேற்பார்வையாளர் கூறியபோது இருவரும் மறுத்தனர். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்கும் மணிக் குறிப்பு சுரங்கத்தில் இறங்கும் எவருக்கும் மனப்பாடம்: ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஆள் மேலே ஏறுகிறது. இருவரும் இயந்திரத்துக்கு அழுத்தக் காற்றைக் கொண்டுவரும் காற்றுக் குழாயில் சுத்தியலால் அதே குறிப்பை அடித்து வேலை செய்தனர். குடியிருப்பிலும் அவ்வழக்கம் பரவியது. அண்டை வீட்டாரிடம் நெருப்புக் கேட்பவர்கூடச் சுவரில் தட்டிக் கேட்டார். ஒரு பட்டியலின் கடைசிக் கொக்கிக்காக வளர்ந்த மனிதர்கள் சுவரைத் தட்டி வாழ்ந்தனர். கொக்கியைப் பிடுங்கி எறியலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பகல் ஷிப்டில், அவர்கள் வேலை செய்த முகப்பின் கூரைப்பாறை முனகத் தொடங்கியது. பாறை வெடித்துச் சிதறப்போவதன் அடையாளம் அது. இயந்திரத்தின் இரைச்சலில் சின்னப்பாவுக்கு அது கேட்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற சாம்ராஜ் குழாயில் ஒன்று அடித்தார். சின்னப்பா உடனே இயந்திரத்தை நிறுத்தினார். சாம்ராஜ் சுத்தியலைப் போட்டுவிட்டு, “மாமா, வெளிய வந்துடு!” என்று முழுக்குரலில் கத்தினார். ஆபத்தில் மனிதனுக்கு முதலில் வருவது குரல். அந்தக் குரல் சின்னப்பாவுக்குக் கேட்காது என்பது அக்கணத்தில் அவருக்கு நினைவில்லை. ஓடி வா என்பதற்குக் குறிப்பில் அடியும் இல்லை. ஒன்று அடித்தால் நிறுத்து. சின்னப்பா நிறுத்தினார், தாமும் நின்றார், மச்சானின் முகத்தைப் பார்த்தபடி அடுத்த அடிக்காகக் காத்திருந்தார். பாறை இறங்கியது. அந்த முகப்பு அடைக்கப்பட்டது, உடல் எடுக்கப்படவில்லை. பௌத்த சங்கத்தார் வந்து பஞ்சசீலம் ஓதினர். இரங்கல் உரையைத் தாண்டவன் கட்சியார் நிகழ்த்தினர்; ராவ் கட்சியார் ஒரு சொல்லும் கேளாமல் தலைகுனிந்து நின்றனர்.

ஒரு மாதம் கழிந்தபின், குடியிருப்பின் பின்புறமாகச் சென்று சுரங்கத்துக்குள் இறங்கும் காற்றுக் குழாயில் சின்னப்பாவின் குரல் கேட்கத் தொடங்கியது. ரத்தினம்மா துணி காயப்போடும்போது முதலில் கேட்டார். பிறகு தாண்டவன் கட்சியாரும் கட்சியற்றவர்களும் கேட்டனர். சாம்ராஜுக்கு மட்டும், மற்ற ராவ் கட்சியாரைப் போலவே, குழாயில் காற்று ஓடும் சத்தமே கேட்டது. குரல் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. ஆனால் தம்பி வேலையிலிருந்து திரும்பிக் குழாயருகே வந்து, “மாமா இன்னா சொல்றாருக்கா?” என்று கேட்கும்போதெல்லாம், “சாப்ட்டியான்னு கேக்குறாருடா” என்றார் ரத்தினம்மா. தாண்டவன் கட்சியார் எவரேனும் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அது சாம்ராஜின் காதில் விழுந்திராது. கட்சியற்றவர்கள் ரத்தினம்மாவின் முகத்தைப் பார்த்து வாய்மூடிக்கொண்டனர். சாம்ராஜ் குழாயை நோக்கி, “சாப்ட்டேன் மாமா” என்பார். அதுவும் கீழே கேட்கவில்லை.

குரலைப் பற்றி அறிந்த சபையார், இறந்தவர் எவ்வாறிருக்கிறார் என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை. அவருடைய வாக்கு யாருக்கு என்பதை மட்டும் மூன்றாண்டுகளாக விவாதித்தனர். பாறைக்கடியில் கிடப்பவன் வானத்துக்கு ஏங்கி ராவின் பக்கம் வந்திருப்பான் என்று ஒரு கட்சி நம்பியது. சாவிலும் மாறாதவன் என்று மறு கட்சி பெருமை பேசியது. 1969இல் இரு கட்சியாரும் சுவரில் தட்டித் தட்டியே ஓர் உடன்பாட்டுக்கு வந்து, துளசிராமனை ரத்தினம்மாவிடம் அனுப்பினர். தாங்களும் பின்னால் வந்து கூட்டமாக நின்றனர்.

“கீழ இருக்கிறவருக்குத்தாம்மா ஆழம் தெரியும். அவரு சொல்லிட்டா ரெண்டு கட்சியும் கட்டுப்படுது. பத்தாம் லெவலு யாருக்குன்னு கேட்டு சொல்லும்மா” என்றார் துளசிராமன்.

ரத்தினம்மா குழாயில் காதை வைத்தார். வழக்கமான கேள்வியே கேட்டது. ராவ் கட்சியாரிடையே தலைகுனிந்து நின்ற தம்பியைப் பார்த்தார்; கணவரைக் கீழே தனியே நிற்கவிட்ட தாண்டவன், ராவ் என்ற இரண்டு பெயர்களையும் நினைத்தார். பிறகு நிமிர்ந்து, “ஜம்புநாதன்னு சொல்றாரு” என்றார்.

தாண்டவன் கட்சியைச் சேர்ந்த கிழவர் ஒருவர், குழாயில் தமக்கும் வேறென்னவோ கேட்டதாக முனகினார். “என் புருசன் பேச்சு உனக்கு தெரியுமா, எனக்கு தெரியுமா?” என்று ரத்தினம்மா கேட்டதும் அடங்கினார். அந்த மனிதனிடம் என்னத்தைக் கண்டார் சின்னப்பா என்று துளசிராமன் மெல்லக் கேட்டார். “அவரு படத்துல கடைசியில எல்லாரும் வூட்டுக்கு வந்து சேந்துடுவாங்க” என்றார் ரத்தினம்மா. எவரும் மறுக்கவில்லை. நிழல் விழுந்த கிரீடத்துக்காரர் முதல் லெவலிலிருந்து பத்தாம் லெவலுக்கு இறக்கப்பட்டார். தங்கவயலில் தலைசிறந்த இயக்குநர் தேர்ந்தெடுக்கப்பட்டது இவ்வாறுதான். அக்கணமே எல்லாருக்கும் எல்லாருடைய பேச்சும் கேட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் கேட்ட முதல் சொற்களில் பெரும்பாலானவை வசவுகள்.

சாம்ராஜ் வசைபாட நிற்கவில்லை. வீட்டின் பின்புறம் போனார். குழாயிலிருந்து தம் மாமனின் குரல், சலிப்போ கோபமோ இன்றிக் கேட்டது: “மச்சான், ஒண்ணு அட்ச்சே, நின்னுட்டேன். அடுத்தது இன்னா?”

அவர் குழாயைப் பற்றியபடி அங்கேயே உட்கார்ந்தார். ரத்தினம்மா வந்து அருகில் நின்றார்.

“அக்கா, இத்தினி வருசமா இதத்தான் கேட்டுக்கினு கீறாரா?”

“வேற இன்னாடா கேப்பாரு?”

சாம்ராஜ் வீட்டுக்குள் சென்று சுத்தியலை எடுத்து வந்தார். குழாயில் மூன்று முறை அடித்தார். கீழிருந்து “சரி மச்சான்” என்ற குரலும், இரும்பு ஏணியில் ஒரு மனிதன் கால்வைக்கும் சத்தமும் கேட்டன.

ஏணிச் சத்தம் அன்றிலிருந்து நிற்கவில்லை. ஆழம் அதிகம், கூண்டில்லாமல் ஏறுவதற்குக் காலம் பிடிக்கும் என்பதைச் சுரங்கத்தார் அறிவர். ஆகையால் அவசரப்படவில்லை. 1973இல் அவர் இறங்கிய ஷாப்டின், அதாவது செங்குத்தான சுரங்கக் குழியின், வாயைக் காங்கிரீட் இட்டு மூடினர். சத்தம் குழாய் வழியாக முன்னிலும் தெளிவாக வந்தது. ரத்தினம்மா குழாயருகே இருந்த துணிக்கொடியை அவிழ்த்து வேறிடத்தில் கட்டினார். ஏறி வருபவருக்கு வழி வேண்டுமல்லவா என்றார்.