முதல் வரியில் இருக்கும் எண்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ரிப்போர்ட் மாறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்பதைத்தான் அதுவரை முதல் வரியில் போடுவோம். அந்த விநாடி லேபுக்கு லேப் மாறும் என்பதால், எங்கும் பொதுவான ஐ.என்.ஆர். எண்ணை மட்டும் போடலாம் என்று முடிவானது. நல்ல முடிவுதான். டாக்டர்களுக்குச் சுற்றறிக்கை போனது. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுயம்பு அண்ணாச்சிக்குத் தாராவியில் பலசரக்குக் கடை. இதயத்தில் உலோக வால்வு. ரத்தம் கெட்டியானால் வால்வு அடைத்துக்கொள்ளும். ரொம்ப இளகினால் உள்ளே எங்கே வேண்டுமானாலும் கசியும். அதற்காகத் தினம் ஒரு மாத்திரை, மாதம் ஒரு டெஸ்ட். முந்தைய வாரம்தான் டெஸ்டுக்கு வந்துபோனார். அன்று மறுபடியும் மனைவி தங்கத்தாயோடு செம்பூரில் எங்கள் லேபுக்கு வந்து நின்றார். வாயில் கைக்குட்டை.

"என்ன அண்ணாச்சி, ரத்தமா?"

"பல்லு தேய்க்கையில லேசா வருது. வேற ஒண்ணுமில்ல ஜெபா."

முழங்கையில் நீலத் திட்டுகள். மூட்டை இடித்திருக்கும் என்றார். டெஸ்டுக்கு ரத்தம் எடுத்து, ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து அழுத்தினேன். எடுத்தால் மறுபடி ரத்தம். தங்கத்தாய் அக்காவிடம் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

மெஷின் சுற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். எண் வந்தது. எட்டு புள்ளி இரண்டு. சரிபார்த்து அனுப்பினேன், எமர்ஜென்சி டாக்டர் ஷைஸ்தாவுக்குப் போன் செய்தேன்.

"ஜல்தி இங்கே அனுப்பு. தலையில் அடிபட்டதா என்று கேள். இனி ஒரு மாத்திரை உள்ளே போகக் கூடாது" என்று ஹிந்தியில் கத்தினார்.

வெளியே வந்தால் தங்கத்தாய் அக்கா முகமெல்லாம் சிரிப்பு. ரிப்போர்ட் எனக்கு முன்னால் அவள் மொபைலுக்குப் போயிருந்தது.

"எட்டு வந்துட்டு ஜெபா! நம்பர் ஏறிட்டு. இருபத்தஞ்சுக்குக் கீழ போனா ரெண்டு மாத்திரை குடுன்னு டாக்டர் எப்பமோ சொல்லியிருந்தாரு. அதான் ஒரு வாரமா ரெண்டு ரெண்டா குடுத்தேன். இன்னும் ஏறணும். இந்தாங்க, இதையும் முழுங்குங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். மாத்திரை தெறித்து நாற்காலிக்கு அடியில் போனது.

"ஏட்டி, என்ன காரியம் செய்த!" என்று அக்கா பதறினாள்.

"குடுக்காதீங்கக்கா! இது வேற நம்பர். விநாடி இல்ல. எட்டுன்னா ரத்தம் தண்ணியாயிட்டுன்னு அர்த்தம். அண்ணாச்சி, தலையில எங்கயாவது இடிச்சீங்களா?"

"இல்லியே."

அப்பாடா என்று இருந்தது. வார்டுபாயை வீல்சேர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். அண்ணாச்சியை உட்காரவைக்கும்போது அக்கா என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பம் எவ்வளவு இருக்கணும்?"

"ரெண்டரைலருந்து மூணரைக்குள்ள."

அவள் மொபைலைத் தடவிப் போன வார ரிப்போர்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல ரெண்டு புள்ளி ஆறு போட்டிருக்கே. அன்னைக்கு இவுகளுக்குச் சரியாத்தான் இருந்துச்சா?"