மூன்று சீட்டு, நாலு பாவாடை

இடுப்பளவு என்று வந்துவிட்டால் எந்தப் பெண்ணும் பொய்தான் சொல்வாள் என்பது மார்லிஸின் தீர்மானம். அது சும்மா வந்த தீர்மானம் இல்லை. போன வருடம் பந்து உருட்டிக் கட்டை சாய்க்கும் தன் பவுலிங் குழுவுக்கு அவள் கையில்லாத மேல்சட்டை தைத்துக் கொடுத்தாள். அவரவர் சொன்ன அளவுதான். பெவ் பந்தை உருட்டக் குனிந்தாள். பொத்தான் ஒன்று தெறித்துப் போய், எதிரணித் தலைவி கொரீனின் பீருக்குள் விழுந்தது. கொரீன் அதை எடுத்துத் துடைத்து, "இது உங்களுதுதானே?" என்று மரியாதையாக மார்லிஸிடம் திருப்பிக் கொடுத்தாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒருத்தியை அவமானப்படுத்த அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இந்தப் பிப்ரவரியில் பவுலிங் கூடத்தில் 'ஐம்பதுகளின் இரவு' என்று ஓர் உடைப் போட்டி அறிவித்திருந்தார்கள். நாலு பேர் ஒரே மாதிரி உடுத்தி வர வேண்டும், ஒருத்தி குறைந்தாலும் போட்டியில் சேர்த்தி இல்லை. பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை. மார்லிஸுக்குத் தொடை ஒரு பொருட்டே இல்லை, கொரீன் முன்னால் நாலு பேராக நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இவர்களில் பாதிப் பேர் தொட்டிலில் கிடந்தார்கள், மீதிப் பேர் பிறக்கவே இல்லை. அதனால் என்ன? ரோஸ் நிறக் கம்பளித் துணியில் வட்டப் பாவாடை, அதில் சுருட்டை மயிர் பூடில் நாய் ஒன்று ஒட்டினால் ஐம்பதுகள் வந்துவிடும்.

அளவைச் சீட்டில் எழுதி, மடித்துத் தரச் சொன்னாள். பெவ், லவோன், ஆர்டித் மூவரும் தந்தார்கள். மார்லிஸ் பிரித்துப் பார்த்து, "பாவம், இந்த வயசுலயும்" என்று சிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று அங்குலம் கூட்டிக்கொண்டாள். துணியை நாலாக மடித்து மூலையை வளைவாக வெட்டினால் இடுப்புக்கு ஓட்டை வந்துவிடும். தன் பாவாடைக்கு அவள் டேப்பை எடுக்கவே இல்லை. தன் அளவு தனக்குத் தெரியாதா? முப்பத்தாறு.

போட்டியன்று மாலை, தொடங்க நாற்பது நிமிடம் இருக்கும்போது, பவுலிங் கூடத்துக் கழிப்பறையில் நாலு பேரும் பாவாடையை மாட்டினார்கள். பெவ்வின் பாவாடை இடுப்பில் ஒரு நொடி தயங்கி, வழுக்கி முழங்காலுக்குப் போய்விட்டது. லவோன் கையால் பிடித்துக்கொண்டாள். ஆர்டித் நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், பாவாடை அவளோடு சுற்றவில்லை.

"இதுல என் வீட்டுக்காரரையும் உள்ள விட்டுக்கலாம் போல இருக்கே" என்றாள் பெவ்.

"நான் எழுதினது முப்பத்தெட்டுடி" என்றாள் லவோன். "நீ என்னத்த வெட்டி வச்சிருக்க?"

மார்லிஸ் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கொக்கியை மாட்ட முயன்றுகொண்டிருந்தாள். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு பாலம் கட்டும் அளவு இடைவெளி இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தாள், முகம்தான் சிவந்தது.

"மூணு அங்குலம் கூட்டினேன்" என்றாள் கடைசியில். "நீங்க குறைச்சு எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்டித்துதான் சொன்னாள். "போன வருஷம் உன் மானம் போச்சேன்னு நாங்க மூணு பேரும் சர்ச்ல காபி குடிக்கும்போது பேசி வச்சோம். இந்தத் தடவ அவகிட்ட உள்ளத உள்ளபடி எழுதிடணும்னு. பெவ் டேப் வச்சு ரெண்டு வாட்டி அளந்தா, தெரியுமா?"

மார்லிஸுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிய வெட்கம் கொக்கி மாட்டாத பாவாடையின் இடைவெளியில் காற்று வாங்கிக்கொண்டு இருந்தது.

"நீங்க மூணு பேரும் போங்க. நான் உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"மூணு பேரா போனா யாரு சேத்துப்பா?" என்றாள் பெவ். "பசைய உருக்கி ஒட்டற க்ளூ கன் கார்லதானே இருக்கு? எங்க மூணு பாவாடையிலயும் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டி உனக்கு ஒட்டிடலாம். இந்தத் துணிய வெட்டினாலும் நூல் பிரியாது. எங்களுக்கும் இறுகிடும். உன் இடுப்பு எவ்வளவு? சொல்லு, வெட்டறேன்."

"முப்பத்தெட்டு" என்றாள் மார்லிஸ்.

பெவ் கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து, திறந்தபடி காத்திருந்தாள்.

"முப்பத்தொம்போது."

யாரும் நகரவில்லை. கை காயவைக்கும் மெஷின் தானாக ஓடி நின்றது.

"நாப்பத்தொண்ணு" என்றாள் மார்லிஸ், தரையைப் பார்த்து.

"சரி" என்று பெவ் வெட்ட ஆரம்பித்தாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஆளுக்கு இரண்டங்குலப் பட்டை, இடுப்பிலிருந்து விளிம்பு வரை. லவோனின் பாவாடையில் அவசரத்தில் நாயின் வாலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. காரிலிருந்து எடுத்து வந்த க்ளூ கன்னை மெஷின் பக்கத்துப் பிளக்கில் செருகி, நாலு பேரும் விரலைச் சுட்டுக்கொண்டு ஒட்டினார்கள். முடிவில் கொக்கி வளையத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மார்லிஸின் பாவாடையில் இப்போது ஒரு நாயும், இடது பக்கம் நாய் இல்லாத ஒரு வாலும் இருந்தன.

வரிசையில் நின்றபோது கொரீன் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் குழுவின் பாவாடைகள் கடையில் வாங்கியவை, ஒரு சுருக்கம் இல்லை.

"அந்த வால் வித்தியாசமா இருக்கே, மார்லிஸ்" என்றாள். "துணி பத்தலையா?"

கூடத்துக்காரர் அந்த நேரம் பார்த்து மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். மார்லிஸுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"துணி நெறைய இருந்துச்சு. என் இடுப்பு முப்பத்தாறுன்னு நானே நம்பிட்டேன். நாப்பத்தொண்ணாம். இவங்கதான் ஆளுக்குக் கொஞ்சம் குடுத்து என்னை உள்ள சேத்தாங்க."

கடைசி மேசையிலிருந்து ஒரு பெண் குரல், "எனக்கு நாப்பத்தாறு" என்றது. பவுலிங் காலணிகளை வாடகைக்குத் தரும் அம்மாள் கையைத் தூக்கி, "நாப்பத்தி மூணு" என்றாள். கூடத்துக்காரர் தன் அளவையும் மைக்கிலேயே சொன்னார், அவரை யாரும் கேட்கவில்லை.

தொடை கொரீனின் குழுவுக்குத்தான் போனது. பார்ப்பதற்கு அவர்கள்தான் சரியாக இருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. கார் நிற்கும் இடத்தில், தொடையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கொரீன் மார்லிஸிடம் வந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"எனக்கு நாப்பத்தி நாலு" என்றாள் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லிடாத."

மார்லிஸ் சத்தியம் செய்தாள். பெவ், லவோன், ஆர்டித் தவிர இன்றுவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை.