மலைமேல் ராகி

"உங்க கொண்டமேல ராகி இருக்குதா, பாப்பா?" என்று ஜமீன் ஏஜெண்டு சூர்யாராவ் என்னைக் கேட்டார்.

நான் சுனையில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அயலாரிடம் எனக்குப் பேச்சு வராது. இந்தக் கேள்விக்குப் பேச்சு தேவைப்படவும் இல்லை. கொண்ட என்று அவர் சொன்னது எங்கள் மலையை. திருத்தணிக் கோயில் மலைக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன மலையில், சரிவு முழுவதும் எங்கள் ராகிதான் கதிர் விட்டு நின்றது. தலையாட்டினேன். "நிறையவா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ராகிக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த வாரமே ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். கூட வந்தவர் அரக்கோணத்துக் கலீமுல்லா. கூடூர் பக்கம் காக்காப்பொன் எடுக்கும் அப்பிரகச் சுரங்கத்தில் வேலை செய்தவர். தோளில் கடப்பாரை, கையில் சம்மட்டி.

"வேடியப்பா, ராகி எங்க? காட்டு" என்றார் ஏஜெண்டு.

நைனா, என் அப்பா, பெருமையோடு கையை வீசினார். "இங்க தொட்டு அந்தப் புளியமரம் வரிக்கும் ராகிதாங்க, சாமி."

"இது சோடி. நான் கேக்கறது ராகி."

"ராகிதாங்க இது."

"ஏமய்யா, எனக்குத் தெரியாதா?"

கலீமுல்லா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "சாமி ஊரு கோதாவரி பக்கம்ங்க. இந்தப் பயிருக்கு அங்க சோடின்னு பேரு. ராகின்னா அவங்களுக்குச் செம்பு. செப்புக்கல்லு கெடைக்குமான்னு கேட்டுக்கினு வந்திருக்காரு. நீங்க களிக்கு வழி காட்டறீங்க."

பக்கத்து நிலத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த கெங்கம்மாள் நிமிர்ந்தாள். "அதுக்கென்ன சாமி? சண்டைக்குக் குண்டு செய்யத்தானே செம்பு? எங்க ஊட்டுக் களி உருண்டை நாலு எடுத்துக்கினு போங்க. அடிச்சா ஜப்பான்காரன் எழுந்திருக்க மாட்டான்."

நிலத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நைனாகூடச் சிரித்துவிட்டார். சிரித்திருக்க வேண்டாம். ஏஜெண்டின் காது சிவந்தது. இறங்கிப் போகத் திரும்பியவர், வரப்பு ஓரத்தில் நின்றுவிட்டார்.

உழும்போது கிடைத்த கற்களை நைனா அங்கே குவித்துவைத்திருந்தார். எனக்கு அந்தக் குவியல் நன்றாகத் தெரியும். வெள்ளை வெளேரென்ற வெங்கச்சங்கல், உரித்தால் ஏடு ஏடாக வரும் காக்காப்பொன், துருவேறிய இரும்பு போன்ற கனத்த கல், இவற்றுக்கு நடுவே பச்சை படர்ந்த சில கற்கள். புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடத்தின் அடியில் பிடிக்கும் களிம்பு போன்ற பச்சை.

ஏஜெண்டு அதில் ஒன்றைத்தான் எடுத்தார்.

"நாளைக்கு இங்க வெட்டணும். நிலத்துக்குக் குறுக்கால."

நைனாவின் சிரிப்பு போய்விட்டது. "சாமி, கதிர் இன்னும் பால்தான். முத்தட்டும், அறுத்துக்கினு உட்டுடறேன். இந்த வருசம் அரிசி எங்க கெடைக்குது? இதுதாங்க எங்க வயித்துக்கு."

"மேல இருக்கிறது உனுது. கீழ இருக்கிறது ஜமீனுது. கீழ செம்பு இருந்தா மேலயும் உனுது இல்லை. வேற நிலம் பாத்துக்கோ."

அன்று ராத்திரி அம்மா களிக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சமாகவே மாவு அளந்தாள்.

காலையில் நைனா ஏஜெண்டின் முன்னால் கை கட்டி நின்றார். "பச்சைக் கல்லு எல்லாம் ஒரே எடத்துல கெடைச்சதுதாங்க. மொதல்ல அங்க வெட்டிப் பாருங்க. இருந்தா அப்புறம் நான் வாயத் தொறக்கல." ஏஜெண்டு யோசித்து, சரி என்றார். அந்த இடத்துப் பயிரை நைனாவும் அம்மாவும் பச்சையாகவே அறுத்து வரப்பில் போட்டார்கள். கதிரை நசுக்கினால் பால் வந்தது.

கலீமுல்லா வெட்ட ஆரம்பித்தார். மேலே செம்மண், அதன் கீழே துருக்கல். அதையும் பெயர்த்த பிறகு, வெங்கச்சங்கல்லுக்கு நடுவே ஒரு கை அகலத்தில் பச்சைப் பட்டை ஒன்று இறங்கிப் போவது தெரிந்தது. அதிலிருந்து ஒரு துண்டை உடைத்து வெயிலில் பிடித்தார். உள்ளே மஞ்சளாக மின்னியது. மஞ்சளைச் சுற்றி நீலமும் ஊதாவும், மயில் கழுத்தைப் போல.

"இது செம்புதாங்க" என்றார் கலீமுல்லா.

ஏஜெண்டு கெங்கம்மாள் பக்கம் திரும்பி, "சிரி, இப்போ சிரி" என்றார். அவள் குனிந்து களை பிடுங்கினாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அழகான கல்லை நான் பார்த்ததில்லை. அது எங்கள் நிலத்தில் இருக்கக்கூடாது என்றும் நினைத்தேன்.

கலீமுல்லாவுக்கும் ஆசைதான். "இங்கயே சொரங்கம் வந்துட்டா நான் ஏன் கூடூருக்குப் போறேன்? ஊட்ல சாப்ட்டு வேலைக்கு வந்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டே ஓங்கி ஓங்கி அடித்தார். இடுப்பளவு ஆழத்தில் பட்டை இரண்டு விரல் அகலமாயிற்று. மார்பளவில் ஒரு நூல். அதற்கும் கீழே பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெங்கச்சங்கல் மட்டும், உப்புப் பாறை போல.

"இன்னும் வெட்டு" என்றார் ஏஜெண்டு.

வெட்டினார். வெள்ளைதான். குழியின் இரண்டு பக்கமும் குடைந்து பார்த்தார். அங்கும் வெள்ளைதான். கலீமுல்லா சம்மட்டியைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்ளோதாங்க. ஒரு கொடம் செய்யக்கூட காணாது."

ஏஜெண்டு தானே குழிக்குள் இறங்கினார். வெள்ளை வேட்டியில் மண் அப்பியது. பாறையைத் தடவித் தடவிப் பார்த்தார். கை எட்டிய இடமெல்லாம் தட்டினார். கோயில் மலையிலிருந்து உச்சிக்கால மணி கேட்டது. மேலே நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். கெங்கம்மாளும் வந்து நின்றாள்.

ஏற முடியாமல் அவர் தடுமாறியபோது நைனா கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"சாமி, கீழ செம்பு இல்லன்னா மேல இருக்கிற நெலம் எங்களுதுதானே?"

ஏஜெண்டு வேட்டியைத் தட்டிக்கொண்டார். குடையை எடுத்தார். நைனாவையும் பார்க்கவில்லை, நின்ற பயிரையும் பார்க்கவில்லை. கதிர்கள் இரண்டு பக்கமும் உரச, வரப்பு வழியே இறங்கிப் போனார்.