மிச்சம் பதினொரு நிமிடம்

பிழையான நேரம் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டே ஒரு மணிக்கூட்டைச் சுவரில் ஓடவிட்டிருக்கிறீர்களா? கண்டி வாவிக்கு மேலே ஏறும் தெருவொன்றில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அப்படியொன்று ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் முந்தி. பின்னேரம் வீடு போகும் பன்வில பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டும். அதற்காக அங்கே வேலை செய்த பெண்கள் பேசி வைத்து முந்த விட்டிருந்தார்கள். யாராவது மணி கேட்டால் இருபதைக் கழித்துத்தான் சொல்வார்கள். "இந்த மணிக்கூட்ட நம்பி நோன்பு தொறந்தா பாவம் எங்கட தலைக்குத்தான்" என்று அவர்களில் ஒருத்தியான ஷஹ்மா சொல்லிச் சிரிப்பாள்.

வியாழக்கிழமை பின்னேரம் தனேஸ் அந்தக் கூடத்துக்குள் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். பருத்தித்துறைக்காரன். அம்பிட்டியவில் ஒரு வீட்டின் பின்னறையில் தனியாக இருந்து ஆறு வருடமாக இந்த வேலையைச் செய்கிறான். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். "ஆக்கிப்போட்டாங்களோ?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் போனில் கேட்பாள்.

நிர்வாக முகாமையாளர் பளீல் கையில் ஒட்டுநாடாவும் ஒரு பெரிய காகித உறையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"தனேஸ், அந்த ரிப்போட் அடிக்கிற கம்பியூட்டர நிப்பாட்டிக் கழட்டித் தாங்க. சீல் வெச்சு மேல அனுப்போணும். நாளைக்கு விசாரணை."

"என்ன விசயம் சேர்?"

பளீல் கதவுக்கு வெளியே கண்ணைக் காட்டினார். விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையொன்றில் சீதா இருந்தாள். பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, தொழிலாளர் லயத்திலிருந்து படித்து வந்து இந்தக் கூடத்தில் நான்கு வருடமாகப் பரிசோதகராக இருக்கிறவள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வத்தேகமவில் சில்லறைக் கடை வைத்திருந்த ஒருவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். சிறுநீரக வருத்தம். அவருடைய இரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் அளவுக்குக் கூடிப்போயிருந்தது. அப்படியொரு முடிவு வந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் வார்டுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தனக்கென்று சரியான மணிக்கூடு உள்ள பரிசோதனை மெசின் முடிவைத் துப்பியது நாலு பத்துக்கு. சீதா வார்டுக்குச் சொல்லிவிட்டேன் என்று கம்பியூட்டரில் பதிந்தது நாலு நாற்பத்தொன்றுக்கு. அன்று இரவே அந்த மனிதர் போய்விட்டார். வார்டில் போனைத் தூக்கிய தாதிக்கு வேலை ஓட்டத்தில் நேரம் ஞாபகமில்லை.

"அவர்ட மகள் வந்து மேல குந்திட்டு ஈக்கிறா" என்றார் பளீல். "சத்தம் ஒண்டும் போடல்ல. ஒரே ஒரு கேள்விதான். அந்த முப்பத்தொரு நிமிஷம் எங்க போன? எனக்கு என்னத்தச் செல்ல?"

"சீதா என்ன சொல்றா?"

"ஒடனே எடுத்தேன்ங்கிறா. ஒடனேண்டா ஒடனேதானே. கம்பியூட்டர் பொய் செல்லுமா?"

தனேஸ் கம்பியூட்டரின் முன்னால் இருந்தான். மூலையில் நேரம் 4.19 என்று காட்டியது. போனைப் பார்த்தான். அதிலும் அதே நேரம்தான். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். 4.39. எத்தனையோ நாள் பார்த்த மணிக்கூடுதான். இந்தத் தடவை அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கரண்ட் போய் வந்தது. இணையத்தோடு தொடுக்காத இந்தக் கம்பியூட்டரின் உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்திலும் திகதியை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அது மார்ச் மாதமே செத்துப்போனது. மாற்றுவதென்றால் மெசினைக் கழற்றிக் கூடத்தை அரை மணித்தியாலம் நிறுத்த வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டு, "கரண்ட் போய் வந்தால் திகதியையும் நேரத்தையும் நீங்களே அடியுங்கோ" என்று பெண்களிடம் சொல்லி வைத்தவன் அவன்தான். எதைப் பார்த்து அடிப்பார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. யாராவது கேட்டால் வாய் இருபதைக் கழித்துச் சொல்லும். கை அப்படியில்லை, கண் கண்டதை அடித்துவிடும்.

இன்னொன்றும் இருந்தது. புதன்கிழமை காலை வேறு வேலையாக இங்கே வந்தவன், கம்பியூட்டரின் நேரம் பிழையாக இருப்பதைக் கண்டு, ஒரு பேச்சும் பேசாமல் சரியாக்கிவிட்டுப் போனான். எவ்வளவு பிழை என்றுகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் செய்வதுதான். கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுப் போவதுபோல.

"என்ன, நிப்பாட்டல்லியா?"

"சேர், ஒரு பத்து நிமிசம் தாங்கோ. இப்ப நிப்பாட்டினா ஒரு கணக்கு அழிஞ்சுபோயிடும்."

பளீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அந்தக் கம்பியூட்டரின் தாய்ப்பலகையில் பருப்பு அளவில் ஒரு கறுப்புச் சில்லு இருக்கிறது. இரகசியத் திறப்புகளைப் பூட்டி வைப்பதற்கென்று செய்தது. அதற்குள் தனியாக ஒரு மணிக்கூடு ஓடும். அதற்கு நாளும் தெரியாது, திகதியும் தெரியாது. கரண்ட் வந்த நொடியிலிருந்து எத்தனை மில்லிசெக்கன் போனது, இதுவரை எத்தனை தடவை கரண்ட் அறுந்து வந்தது, இவ்வளவுதான் தெரியும். திரையில் யார் என்ன நேரம் அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. கடவுச்சொல் வைத்திருக்கும் தனேஸால்கூட அதைப் பின்னால் திருப்ப முடியாது. ஆனால் மெசினை நிறுத்தினால் அந்த எண்ணிக்கை சைபரில் இருந்து தொடங்கும். சாட்சியைக் காப்பாற்றுகிறோம் என்று நிறுத்திச் சீல் வைத்தால் அந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

கறுப்புத் திரையைத் திறந்து சில்லின் மணிக்கூட்டை வாசிக்கும் கட்டளையை அடித்தான். ஒரே வரி. கீழே ஐந்தாறு வரி வந்தது. கரண்ட் வந்ததிலிருந்து: 177612408. மீளத் தொடங்கிய தடவைகள்: 212. கணக்கை நம்பலாமா என்பதற்கு: ஆம். போனில் நேரம் 4.23.

பதினேழு கோடியே எழுபத்தாறு இலட்சத்துச் சொச்சம். ஆயிரத்தால் பிரித்து, அறுபதால் பிரித்து, மீண்டும் அறுபதால் பிரித்தான். நாற்பத்தொன்பது மணித்தியாலமும் இருபது நிமிடமும். பின்னால் எண்ணிப் போனால் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணி மூன்று நிமிடம். மெசின் எழும்பி நேரம் கேட்க இரண்டு நிமிடம் பிடிக்கும். ஆகவே மூன்று ஐந்து. அந்த நேரத்தில் சீதா அடித்த நேரம் பதிவில் இருந்தது. மூன்று இருபத்தைந்து.

நாலு நாற்பத்தொன்று என்று பதிந்தது உண்மையில் நாலு இருபத்தொன்று.

அவன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அமத்தினால் போதும். பற்றரியைப் பற்றி யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் அடுத்த மாதம் ஓம் என்று சொல்லலாம். சீதாவை வேலையால் நிறுத்துவார்கள். அவள் தோட்டத்துக்கே திரும்பிப் போவாள். அவளுடைய பெயரை அந்த மகள் சாகும்வரை ஞாபகம் வைத்திருப்பாள். 212 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதில் மார்ச்சுக்குப் பிறகு வந்தவை எத்தனை? இன்னும் யார் யாருடைய முடிவுகளில் இல்லாத இருபது நிமிடம் ஏறிக் கிடக்கிறது?

எழும்பிக் கதவைத் திறந்தான்.

"சேர், ஒருக்கா உள்ள வாங்கோ. சீதாவும் வரட்டும்."

பளீலின் கண் முன்னாலேயே கட்டளையை இன்னொரு தடவை அடித்தான். எண் கூடியிருந்தது. "செவ்வாய்க்கிழமை கரண்ட் வந்ததிலயிருந்து எண்ணினது இது. உங்கட போனில நேரத்தைப் பாத்து நீங்களே பின்னால கணக்குப் பாருங்கோ. பதிவில சீதா அடிச்சது மூண்டு இருவத்தஞ்சு" என்றான். பளீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனில் கணக்குப்போட்டார். இரண்டு தடவை போட்டார். பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அல்லாஹ்வே! பஸ் மணிக்கூடா?"

"ஓம் சேர். உள்ள பற்றரி செத்துப்போச்சு. கரண்ட் வந்தோடன சுவரைப் பாத்து நேரத்தை அடிச்சிருக்கிறா" என்றான் தனேஸ்.

சீதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பற்றரி எப்ப செத்த?" பளீல் தனேஸின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"மார்ச்சில."

"எழுத்துல தந்தீங்களா? மாத்தோணுமெண்டு?"

"இல்லை சேர். எழுதித் தரேல்லை. புதன்கிழமை காலமை பிழையான நேரத்தை ஒருத்தருக்கும் சொல்லாமல் திருத்தினதும் நான்தான்."

"நீங்க என்ன செல்றீங்கண்டு வெளங்குதா ஒங்களுக்கு? அடுத்த மாசம் ஒங்கட நிரந்தரக் கடிதம் வருது, மனுசன்."

"ஓம் சேர். வெளங்குது."

பளீல் காகித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் வெறும் பக்கத்தை மேசையில் வைத்துப் பேனையை நீட்டினார். தனேஸ் எழுதினான். மில்லிசெக்கன், மணித்தியாலம், பற்றரி, மார்ச், புதன் காலை. வேறு முடிவுகளிலும் இதே பிழை இருக்கலாம், தேடிப்பார்க்க வேண்டும் என்று கடைசியில் சேர்த்தான். இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

சீதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனேஸ் அண்ணே, நாலு பத்துக்கு முடிவு வந்துச்சு. நாலு இருபத்தொண்ணுக்குத்தான போன் பண்ணியிருக்கேன்."

"ஓம். பதினொரு நிமிசம். சட்டத்துக்கு உள்ளதான்."

"அந்த நம்பர பாத்து நானே நம்பலீங்க. ஊசி குத்துறப்ப ரத்தம் ஒடஞ்சி நம்பர் ஏறியிருக்கும்னு நெனச்சேன். ரெண்டாந் தடவ ஓட விட்டேன். அதுக்குத்தான் அவ்வளவு நேரம்." கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "ஒடனே பண்ணேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். மேல இருக்கிற அந்தப் புள்ளகிட்ட இத யாரு சொல்றது?"

பளீல் உறையைக் கையில் எடுத்தார். "நான் செல்றன், புள்ள. முப்பத்தொண்டு இல்ல, பதினொண்டுண்டு செல்றன்."

"ஏன் பதினொண்ணுன்னும் கேப்பாங்க சேர்."

பளீல் உறையில் எழுதியிருந்த கணக்கை இன்னொரு தடவை வாசித்தார். இருபது நிமிடம் எங்கேயும் போகவில்லை, அது இருந்ததே இல்லை. மிச்சப் பதினொன்றும் உண்மையாகவே இருந்தது. கவனமான ஒரு பிள்ளை தன் கண்ணையே நம்பாமல் நின்ற பதினொரு நிமிடம். அந்தச் சில்லு அதை ஒரு செக்கன்கூடக் குறைத்துத் தராது.

"சீதா, பஸ்ஸுக்கு நேரமாகிட்டு" என்று ஷஹ்மா எட்டிப் பார்த்துச் சொன்னாள். சீதா புறப்பட்டுப் போனாள்.

தனேஸ் கடைசித் தடவையாக எண்ணைத் தன் போனில் படம் எடுத்து, பளீலின் போனுக்கும் அனுப்பினான். பிறகு கம்பியூட்டரை நிறுத்தினான். விசிறி சுற்றி ஓய்ந்தது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அன்று பின்னேரம் அம்மா போன் எடுத்தபோது வேலை கூட என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை மழை பெய்தது. ஏழு மணிக்குச் சீதாவை வேலைக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் போனது. ஏழரைக்குத் தனேஸுக்கு வந்தது. ஆஸ்பத்திரித் திறப்புகளையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கக் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள். அவன் அவற்றை நனையாமல் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு முடிந்துகொண்டு, அம்பிட்டிய சந்தியில் மற்ற ஆட்களோடு பஸ்ஸுக்கு நின்றான்.