ஒரு சுற்று ரப்பர்

ஸ்டாண்டு அக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. போனையும் டேப்லெட்டையும் கையில் பிடிக்காமல் எங்கே எப்படி நிறுத்தி வைப்பது என்பதுதான் அவள் வியாபாரம். கார் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது, கட்டில் கம்பியில் மாட்டி இஷ்டத்துக்கு வளைப்பது, சமையல் மேடையின் ஓரத்தைக் கவ்விக்கொள்வது என்று சுவர் முழுக்கத் தொங்கும். படுத்துக்கொண்டே படம் பார்க்க ஒன்று கேட்டு வருபவரிடம், "தூங்கிட்டு மூஞ்சில விழுந்தா மூக்குக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பாள். கடையின் மறுபாதியில் அவள் வீட்டுக்காரர் உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றுவார். இவள் வாய் ஓயாது. அவர் வாய் திறக்காது. இருபது வருடமாக அந்தக் கடை அப்படித்தான் ஓடியது.

பைக் ஹோல்டரில்தான் அவளுக்குத் தனிப் பெருமை. ஹோல்டரின் அடியில் ஹேண்டில்பாரைக் கவ்வுகிற வளையம் ஒன்று இருக்கும். அக்கா மொத்தமாக வாங்கி அடுக்கியிருந்த சரக்கில் அந்த வளையம் கொஞ்சம் பெரிசு. மெலிந்த ஹேண்டில்பாரில் மாட்டினால் லொடலொடவென்று ஆடும். இடைவெளியை அடைக்க அதற்கென்றே புஷ் என்று ஓர் உள்வளையம் உண்டு, ஆனால் அந்தச் சரக்கோடு அது வரவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அக்கா? பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவாள். ஹேண்டில்பாரில் ஒரு சுற்று சுற்றுவாள். அதன்மேல் வளையத்தை வைத்து ஸ்க்ரூவை முறுக்குவாள். இரண்டே நிமிடம். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். வழி காட்டுகிற போன் கண்ணெதிரே நிற்காவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. "அக்கா கை பட்டா அசையாது" என்று அவர்கள் சொல்லிச் சொல்லி, அக்காவும் அதை நம்பிவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தாள். தலையில் இருந்த ஹெல்மெட் கண் வரைக்கும் இறங்கியிருந்தது. கைப்பையிலிருந்து ஒரு பழைய பைக் ஹோல்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்க்கா. இதுவே நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு பக்கம் உடைஞ்சுபோச்சு."

"குடுத்துடலாம். முதல்ல அந்த ஹெல்மெட்ட மாத்தும்மா. தலை உள்ளயே தொலைஞ்சுடப் போகுது. யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அவரை அனுப்பியிருக்கலாமே?"

"அவர் இல்லக்கா. ரெண்டு மாசம் ஆச்சு."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் நாக்கைக் கடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பாளோ.

"உங்களுக்கு அவரைத் தெரியும்க்கா. 'அவசரம்'னு கூப்பிடுவீங்களாமே. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

அக்காவுக்கு அவசரத்தைத் தெரியாமல் என்ன? வண்டியை அணைக்காமலே வாசலில் நின்றபடி, "அக்கா, அரை நிமிஷம்" என்று கத்துவான். இவள் "வந்துட்டாரு நம்ம அவசரம், எல்லாரும் வழி விடுங்க" என்பாள். கொஞ்ச நாளாக ஆளைக் காணோமே, வேறு பக்கம் மாறிப் போயிருப்பான் என்று நினைத்து அத்தோடு விட்டிருந்தாள்.

"எப்படிம்மா?"

"வளைவுல போய் லாரியில மோதிட்டார். போனைப் பார்த்துக்கிட்டே ஓட்டினார்னு போலீஸ்ல எழுதிட்டாங்க." அவள் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "அவருக்கு அந்தப் பழக்கம் இருந்துச்சுக்கா. போன வருஷம் ஒரு தடவை மேட்ச் பார்த்துக்கிட்டே ஓட்டிட்டு வந்தார். நானே பார்த்துட்டேன். வீடு ரெண்டாச்சு. இனிமே சத்தியமா மாட்டேன்னார்."

"ம்."

"ஆஸ்பத்திரியில நினைவு வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னார் தெரியுமா? 'நான் போனைப் பார்க்கல. ஹோல்டர் சுத்திடுச்சு, போன் விழப் பார்த்துச்சு, பிடிக்கப் போனேன்'னார். இந்த நிலைமையிலயும் பொய்யான்னு கேட்டுட்டு நான் கையை உருவிக்கிட்டேன். மறுநாள் பேச்சு நின்னுடுச்சு. அதுக்கு மறுநாள் அவரும் இல்ல."

இப்போது அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டியைச் சரிசெய்தாகிவிட்டது, நாளை முதல் நாள். வீட்டில் ஒன்பது வயது மகள். உங்கப்பா போன் பார்த்துத்தானே செத்தார் என்று வகுப்பில் யாரோ கேட்டதிலிருந்து அந்தக் குழந்தை போனைத் தொடுவதே இல்லையாம். "நான் அவர் மாதிரி இல்லக்கா. ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுவேன். மகள்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

அக்கா பழைய ஹோல்டரைக் கையில் எடுத்தாள். வளையத்துக்குள் தான் சுற்றிய ரப்பர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். புது டியூப் துண்டு சொரசொரப்பாக இருக்கும், விரலைப் பிடிக்கும். இது வெயிலிலும் மழையிலும் காய்ந்து இறுகிக் கிடந்தது. ஹேண்டில்பாரோடு உரசிய பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. மோதிய ஒரு நொடியில் ரப்பர் கிழியும், நசுங்கும். இப்படிப் பளபளக்க வேண்டுமென்றால் பல நாள் திரும்பித் திரும்பித் தேய்ந்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

போதாக்குறைக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவன் கடைசியாக வந்தபோது கடையில் நல்ல கூட்டம். "அக்கா, லேசா திரும்புது, ஒரு பார்வை பாருங்க" என்று வாசலிலிருந்து கேட்டான். "நீ வேகத்தக் குறை, அது தன்னால நிக்கும்" என்று இவள் பதிலுக்குக் கத்தினாள். கடையே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

புது ஹோல்டர் எடுக்கிற சாக்கில் அக்கா உள்ளே போனாள். வீட்டுக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"வாயத் தொறக்காத" என்றார் மெல்ல. "சொன்னா போனவன் வந்துடப் போறானா? நீ ஒண்ணும் வேணும்னு செய்யல."

"அவன் பொய் சொல்லலைங்க."

"அது தெரிஞ்சா அந்தப் பொண்ணு தாங்குமா? கையை உருவிக்கிட்டேன்னு சொல்லுதே, காதுல விழலையா உனக்கு? இப்ப கோவத்துலயாவது நிக்குது. அதையும் புடுங்கிடாத."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அக்காவுக்கும் அது இதமாகத்தான் இருந்தது. சொல்லாமல் விடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற நல்லது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் இரக்கம், மீதியெல்லாம் பயம். பயத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் ராத்திரி தூக்கம் வரும், அவ்வளவுதான். சரி என்று தலையாட்டிவிட்டு, புது ஹோல்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வண்டி அருகே குனிந்து நின்றாள். இந்த மாதிரி நேரத்தில் மூளை வேலை செய்யாவிட்டாலும் பழகிய கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். ஹேண்டில்பாரைத் துணியால் துடைத்தது. இடுப்புப் பையிலிருந்து கத்தரியையும் டியூபையும் எடுத்தது. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியது. ஒரு சுற்று சுற்றியது. வளையத்தை எடுத்து அதன்மேல் வைக்கப் போனபோதுதான் அக்கா தன் கையைப் பார்த்தாள்.

அதே வண்டி. அதே ஹேண்டில்பார். அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அக்கா ரப்பரைப் பிடுங்கி எடுத்தாள். ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, மயக்கமா?"

"இல்லம்மா. நான் ஒண்ணு சொல்றேன். சொல்லி முடிச்சப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்கோ."

பழைய ஹோல்டரை அந்தப் பெண்ணிடம் எடுத்து வரச் சொல்லி, வளையத்துக்குள் அவள் விரலைப் பிடித்து வைத்தாள். பிறகு இப்போது வெட்டிய புதுத் துண்டின் மேல் வைத்தாள். பெரிய வளையத்தைப் பற்றிச் சொன்னாள், வராத புஷ்ஷைப் பற்றிச் சொன்னாள். அவன் வாசலில் நின்று திரும்புகிறது என்று சொன்னதையும், தான் கேலி பண்ணி அனுப்பியதையும் ஒளிக்காமல் சொன்னாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்குப் பேச்சு திக்கித் திக்கி வந்தது.

அந்தப் பெண் கத்தவில்லை. புதுத் துண்டையும் பழைய துண்டையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவர் சொன்னது நிஜமா?"

"நிஜம்மா."

"போனைப் பார்க்கலையா?"

"நேர்ல நின்னு பார்க்கல, ஆனா இது திரும்பியிருக்கு. பல நாளாத் திரும்பியிருக்கு. பிடிக்கத்தான் போயிருக்கணும்."

"நானும் அன்னிக்குக் கேட்டேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வீட்டுக்காரர் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "திரும்புதுன்னு அந்தத் தம்பி சொன்னது என் காதுலயும் விழுந்துச்சும்மா. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கல."

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். ஹெல்மெட்டைக் கழற்றி அதால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். "நான் கையை உருவிக்கிட்டேன்க்கா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அக்காவுக்கு அவள் முதுகைத் தடவிக்கொடுக்கக் கை நீண்டது. அந்த உரிமை தனக்கு இல்லை என்று பட்டதும் மடக்கிக்கொண்டாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என் மகள்கிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சுக்கும். நீங்கதான் சொல்லணும்."

"வரேம்மா. இப்பவே வரேன்."

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டியில சுத்தியிருக்கீங்க?"

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது. இவ்வளவு நேரமும் போன ஒருத்தனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். இருக்கிறவர்களைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை.

புது ஹோல்டர் மாட்டாமலே புறப்பட்டார்கள். அக்கா கீழே விழுந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். அடுத்த சிக்னலில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. இரண்டு வரிசை தள்ளி, முதுகில் பெரிய சாப்பாட்டுப் பையோடு ஓர் ஆள். அவன் ஹோல்டருக்கு அடியில் கறுப்பாக ரப்பர் எட்டிப் பார்த்தது. அக்கா "தம்பி! ஏய் தம்பி!" என்று கத்தினாள். ஹாரன் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? பச்சை விழுந்தது, அவன் பறந்தான்.

"அதுவும் உங்க ரப்பராக்கா?"

"நான் சுத்தினதுதாம்மா."

அந்தப் பெண் வண்டியை முறுக்கினாள். வீட்டுக்குத் திரும்புகிற சாலையை விட்டுவிட்டு நேரே போனாள். முன்னால் அவன் ஒரு குழியில் இறங்கி ஏறினான். போன் மெல்லத் தலைகுப்புறச் சாய்ந்தது. அவன் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து அதை நிமிர்த்தி வைத்தான். ஒரு கணம்தான். பழகிப்போன கை. அவன் கண் அந்த ஒரு கணம் போனில்தான் இருந்தது. தூரத்திலிருந்து யார் பார்த்தாலும் போன் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறான் என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பெண்ணின் முதுகு விறைத்ததை அக்கா உணர்ந்தாள். ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே போய் அவனுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தினாள்.

அவன் பயந்துபோய் ஓரம் கட்டினான். இருபத்தைந்து வயது இருக்கும். அக்காவைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"என்னக்கா, கடை ரோட்டுக்கே வந்துடுச்சா?"

"அந்த ஹோல்டரைக் கழட்டணும் தம்பி. சரியில்ல அது. என் தப்பு."

"நல்லாத்தான்க்கா இருக்கு. லேசா திரும்பும், அவ்வளவுதான். நேரமாச்சு, சாப்பாடு ஆறிடும், விடுங்க."

அக்கா அதற்குள் ஸ்க்ரூவில் கை வைத்திருந்தாள். அவன் எரிச்சலோடு அவள் கையைத் தள்ளப் போனான். அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உதறினாலும் விடாத பிடி.

"கழட்டட்டும்ப்பா" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் உன்னை மாதிரி இந்த வேலைதான் பார்த்தார். அவர் போன் பார்த்துக்கிட்டு ஓட்டலப்பா. விழப் போனதைப் பிடிக்கப் போனார்."