செவ்வாய்க்கிழமைப் போத்தல்

வளையல் ஏறவில்லை. விறைத்துக் கிடந்த ரெங்கம்மாவின் கையில் சவர்க்காரம் தடவி, விரல்களைக் குவித்துப் பிடித்து, லெட்சுமி மூன்றாவது தடவையாக முயன்றாள். கண்ணாடி வளையல் மணிக்கட்டுக்கு வருமுன்பே உடைந்தது.

"விடுடி, அந்த வீக்கத்துல எங்க ஏறும்? மிச்சத்தப் பக்கத்துல வச்சிரு" என்றாள், சேலையைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்த வீராயி.

லெட்சுமிக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் மாரிசாமியைக் கட்டிக்கொண்டு மதினி ரெங்கம்மா இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நிரைதான். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் மதினியின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பின்னும் குழி அப்படியே இருக்கும். உடம்பில் தங்கக் கூடாத நீர் தங்கிவிட்டது என்று சொன்னவர் டிஸ்பென்சரி ஐயா மொஹிதீன்.

அவருக்கு எதையும் விளக்கிச் சொல்வதில் ஆசை. போத்தலில் கொண்டுவரும் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சாய்த்துப் பிடித்து, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். கீழ்ப்பாதி சூடேறாமல் இருக்கும். அதோடு மேல்பாதியை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"நல்ல மூத்திரம் கொதிச்சாலும் தெளிவா இருக்கும். ரெத்தத்துல உள்ள சத்து இதுல ஒழுகியிருந்தா மேல்பாதி வெளுக்கும். முட்டையோட வெள்ளக்கரு சூட்டுச் சட்டியில வெளுக்குதே, அதே மாதிரி."

மதினியின் குழாய் வெளுத்தது.

"இது புள்ளத்தாச்சிக்கு வலிப்புக் கொண்டுவாற நோய். உப்புத் திங்காத, மலைக்கிப் போகாத. அடுத்த கிழமையும் இப்பிடி இருந்தா பதுளை ஆஸ்பத்திரியில படுக்கணும்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். நோய் அவர்கள் மனதில் நிற்கவில்லை, முட்டை நின்றது. கோதுமை மாவும் பாண் ரொட்டியும் கிடைக்காத எழுபத்து நாலாம் வருஷம் அது.

"ரெங்கம்மா, இன்னைக்கி எத்தன முட்ட?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டவள் இந்த வீராயிதான். "ரொட்டிக்குத்தான் மாவு இல்ல, முட்டையாவது ஒன்னு குடேன்!"

"அவ எங்க மலைக்கி வருவா? அட காக்க ஒக்காந்துட்டாளே" என்றாள் இன்னொருத்தி.

மதினி பீலிக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டுக்குள்ளும் கால் தெரியாமல் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எம் மூத்திரத்தப் பத்தி தோட்டமே பேசுது லெச்சுமி. ஒங்கண்ணன் மொகத்தப் பாக்க முடியல."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, காலிப் போத்தலை லெட்சுமியின் கையில் கொடுத்தாள்.

"ஒன்னோடத ஊத்திக் குடு. ஒரே ஒரு தடவ. தெளிவா இருக்குன்னு அவளுக முன்னாடி அவரு சொல்லட்டும்."

"தப்பில்லியா மதினி?"

"மூத்திரத்துல என்னடி தப்பு?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் மதினி சிரித்தது அப்போதுதான்.

மொஹிதீன் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலும் கீழும் ஒரே தெளிவு. "பாத்தீங்களா! சொன்னதக் கேட்டா எப்பிடிக் கொணமாகுது" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். அன்று சாயந்தரம் மதினி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். சனிக்கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் கண் தெரியவில்லை என்றாள். பிறகு வலிப்பு. தோட்டத்து லொறி பதுளைக்குப் போய்ச் சேருமுன்பே தாயும் பிள்ளையும் முடிந்துபோனார்கள்.

வெளியே அண்ணனின் குரல் உயர்ந்தது. லெட்சுமி வளையல்களை மதினியின் உடம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நீங்கதானே ஐயா நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

மூடிய குடையை இரு கைகளாலும் பிடித்தபடி மொஹிதீன் நின்றார். "சொன்னேன் மாரிசாமி. நான் சரியாக் கொதிக்க வைக்கல்லியோ என்னவோ. அதத்தான் யோசிச்சிக்கிட்டே இருக்கேன்."

"யோசிங்க. நாளைக்கி எல்லாரும் தொரைகிட்டப் போறோம். இனி ஒரு புள்ளத்தாச்சி ஒங்க கையில போகக் கூடாது."

அவர் தலையாட்டிவிட்டுத் தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார். லெட்சுமி பின்னால் ஓடினாள்.

"ஐயா, அந்தப் போத்தல்ல இருந்தது மதினியோடது இல்ல. என்னோடது."

அவர் நின்று திரும்பினார். அவர் முகத்தில் ஏதோ இறுக்கம் தளர்ந்ததை லெட்சுமி பார்த்தாள்.

"ஏன் புள்ள?"

"முட்டக்காரின்னு கூப்பிட்டாளுக."

தளர்ந்த முகம் மறுபடி இறுகியது. "முட்ட" என்றார் மெதுவாக. "அது நான் சொன்ன சொல்லு."

"அண்ணன்கிட்டச் சொன்னா, செத்த பெறகும் மதினிய அந்தப் பேராலதான் பேசுவாங்க. ஆனா நீங்க..."

மேலே தப்பு முழங்கத் தொடங்கியது. பாடை இறங்கி வந்துகொண்டிருந்தது. பாதை ஒடுக்கம். அவர் ஒரு பக்கத் தேயிலைக்குள் ஒதுங்கினார். அவள் எதிர்ப்பக்கம் ஒதுங்கினாள்.

முன்னால் வந்த மாரிசாமி மொஹிதீனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லெட்சுமி பாதையைக் குறுக்கே கடந்து, மொஹிதீனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மாரிசாமி அவளைப் பார்த்தான். அவன் கால் ஒரு எட்டு பிந்தியது. பாடை தூக்கி வந்தவர்களும் நின்றார்கள்.