நெரிஸ் பிரைஸுக்குக் கிடைக்காத வேடம்

நெரிஸ் பிரைஸ் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். லண்டன் மேடைகளில் பேரெடுத்து, சினிமாவுக்குப் போய், அமெரிக்கத் தொடர்களுக்கும் வந்தவர். போன இடமெல்லாம் ஆங்கிலேயச் சீமாட்டி வேடம்தான் கொடுத்தார்கள். எழுபத்தெட்டு வயதில்தான், சொந்த மொழி பேசும் வேல்ஸ்காரியாகவே நடிக்க ஒரு படம் கைகூடி வந்திருந்தது. அதற்கு முன்னால் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன அரங்கில் நாடகம்.

அங்கே பக்கத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நடிகர்கள் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுப்பது ஓவியாவின் வேலை. ஜெர்சி சிட்டியில் வங்கி ஐ.டி. வேலையை உதறிவிட்டு வந்தவளுக்கு இதுதான் முதல் நாடகம்.

அரங்கேற்றத்தன்று, மகன் இறந்த செய்தி கேட்ட தாயாக நெரிஸ் நின்றார். பேசவில்லை. ஒத்திகைகளில் அந்த இடத்தில் உடனே பேசிவிடுவார். மறந்துவிட்டார் என்று ஓவியா பதறி வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். குரல் பாதி அரங்குக்குக் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். நெரிஸ் அவள் பக்கம் ஒரு கணம் திரும்பினார். மறதியல்ல, நடிப்பு என்று ஓவியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரை விழுந்ததும் இயக்குநர் கோபமாக வந்தார். ஓவியா வாயைத் திறப்பதற்குள் நெரிஸ் முந்திக்கொண்டார்.

"நான்தான் மறந்துட்டேன். நல்லவேளை, இவ காப்பாத்தினா."

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாவம், வயதாகிவிட்டது என்று பத்திரிகையில் விமர்சனம் வந்தது. வேல்ஸ் படத்தின் கம்பெனி அவரை நடிக்க வைக்கத் தயங்குவதாகவும் பேச்சு அடிபட்டது. ஓவியா எடிசன் ஊரிலிருந்த வீட்டுக்குப் போய் அம்மா சாந்தாமணியிடம் சொல்லி அழுதாள்.

"அந்தம்மாவே சொல்லிப்போட்டாங்கல்ல, நீ எதுக்குக் கண்ணு போய்க் கிளறறே? பேங்க் வேலையவும் ரிசைன் பண்ணிப்போட்டே. இதுவும் போச்சுன்னா?"

அம்மா சொன்னது வசதியாக இருந்தது. வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு சோறு இறங்காமல் போய், இயக்குநரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் அப்போதே கம்பெனிக்கு போன் போட்டார். முந்தின நாள்தான் அந்த வேடத்துக்கு வேறொரு நடிகை ஒப்பந்தமாகியிருந்தார்.

ஓவியா ஒப்பனை அறைக்குப் போய் அதைச் சொன்னாள். நெரிஸ் முகப்பூச்சைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீ பயத்துல பண்ணினது பெரிசில்ல. உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான் பொய் சொன்னேன். அது இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. பேப்பர்ல வந்தப்புறமாவது நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"வயசானவ தப்பைச் சின்னப் பொண்ணு மேல போடறான்னுதான் சொல்லியிருப்பாங்க." துடைத்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அந்த வேடம் ரொம்ப வேணும்னு இருந்தது, ஓவியா," என்றார்.

இயக்குநர் ஓவியாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மறு வருஷம் அந்தப் படம் எடிசனுக்கு வந்தது. அந்த நடிகை பிரமாதமாகச் செய்திருப்பதாகச் சொன்னார்கள். ஓவியா போகவில்லை.